புதன்கிழமைக் குப்பை

அத்தியாயம் 9

போன வாரம் பெரியம்மாளைத் திட்டித் தீர்த்தவர்கள் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வாரமும் தேவைப்படும்.

இப்போதுதான் படிக்க வருகிறவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். கடத்தூரில் இருக்கும் பெரியம்மாளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் யுவராணியை ஓசூரில் கட்டிக்கொடுத்தாள். புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டதும் யுவராணி பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். அப்பா இல்லாத வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று பேரூராட்சியின் குப்பை வண்டிக்கு வேலைக்குப் போனாள். அந்தச் சம்பளத்தில் பி.எட். முடித்தவள் இளையவள் காவியா.

காவியாவுக்கு நல்லம்பள்ளியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் முருகேஷ். பழைய பிளாஸ்டிக்கை அரைத்து, உருக்கி, குருணையாக்கி விற்கும் மில் அவர்களுடையது. லாரி ஓடுகிறது, கார் நிற்கிறது, மாடி வீடு இருக்கிறது.

"மூத்த பொண்ணு என்னங்க பண்ணுது?" என்று தரகர் கேட்டபோது பெரியம்மாள் கண் இமைக்காமல் ஒரு பதில் சொன்னாள்.

"அவ செத்துப் போயிட்டாங்க."

வாழாவெட்டியும் குப்பைக்காரியுமாக ஒருத்தி உயிரோடு இருப்பதைவிட, பூவும் பொட்டுமாகச் செத்துப்போன ஒருத்தி கல்யாணப் பேச்சில் கௌரவம். இது பெரியம்மாளின் கணக்கு. யுவராணிக்கு இது தெரியாது. "நீ ஓசூர்லயே வாழறதாச் சொல்லி வச்சிருக்கறன், அவுங்க வர்ற அன்னிக்கு மட்டும் வூட்டுப் பக்கம் வராத" என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தாள். யுவராணியும் சரி என்றாள். தங்கச்சி நன்றாக இருக்கட்டும் என்று நினைப்பவர்கள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வார்கள்.

அந்த நாள் புதன்கிழமையாக வந்து வாய்த்தது.

* * *

சாயங்காலம் வருவதாகத்தான் முதலில் பேச்சு. யுவராணி விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு போன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா நஞ்சப்பன் பேசினார். மில்லுக்கு மதியம் லோடு வருகிறதாம், எமகண்டம் கழிந்ததும் காலையிலேயே வந்துவிடுகிறார்களாம்.

பெரியம்மாள் போனை வைத்துவிட்டு, பீரோவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த படத்தை எடுத்தாள். அது யுவராணியின் கல்யாணப் போட்டோ. புருஷனை வெட்டி எறிந்துவிட்டு, மகளை மட்டும் ஸ்டூடியோவில் பெரிதாக்கி வாங்கியிருந்தாள். கூடத்துச் சுவரில் மாட்டி, பிளாஸ்டிக் சம்பங்கி மாலை ஒன்றைப் போட்டாள். நிஜப் பூ என்றால் வாடும், திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். மகளுக்கு இது போதும் என்று நினைத்தாள்.

படத்துக்கு வைத்த பொட்டு கோணிவிட்டதா என்று கேட்பீர்கள். கோணவில்லை.

"அம்மா, பாக்கவே ஒரு மாதிரி இருக்குதும்மா" என்றாள் காவியா, பாதி கட்டிய பட்டுப்புடவையோடு.

"ஒரு மாதிரி இருந்தா அந்தப் பக்கம் பாக்காத. தலையைச் சீவு."

அடுத்து ஒரு வெள்ளைச் சாக்குப் பையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். செத்துப்போனவளின் சீப்பு கண்ணாடிக்கு முன்னால் கிடக்கலாமா? சோப்பு டப்பா, ரப்பர் செருப்பு, தண்ணீர் பாட்டில், கொக்கியில் தொங்கிய மழைக்கோட்டு எல்லாம் பைக்குள் போயின. கடைசியாகச் சமையலறையிலிருந்து ஒரு நீல டிபன் டப்பா.

"அது நல்லாத்தானேம்மா இருக்குது?"

"மூடியப் பாருடி."

மூடியில் 'யுவா' என்று இருந்தது. ஊசியைச் சுட்டுப் பெயரெழுதி வைத்திருந்தாள் யுவராணி. வேலை செய்யும் இடத்தில் டப்பாக்கள் மாறிப் போகும்.

காவியா ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். பிறகு அவளே போய் அலமாரியிலிருந்த அக்காவின் தலைக் கிளிப்புகளைக் கொண்டுவந்து பைக்குள் போட்டாள். நான் இதை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். காவியா மேல் உங்களுக்கு இருக்கும் பிரியம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். ஆனால் போட்டாள்.

"இன்னிக்குப் புதன்கெழம. பிளாஸ்டிக்கு மட்டுந்தான் வாங்குவாங்க. முனியம்மா வண்டி வந்தா மொதல்ல இதக் குடுத்துரணும்" என்று பையின் வாயைக் கட்டி வாசலோரம் வைத்தாள் பெரியம்மாள்.

* * *

ஊருக்கு வெளியே இருக்கிற தகரக் கொட்டகைக்கு அரசாங்கம் வைத்த பெயர் வளம் மீட்புப் பூங்கா. பூங்கா என்றால் நீங்கள் வேறெதையும் கற்பனை செய்ய வேண்டாம். ஊர்க்காரர்கள் குப்பைக் கொட்டாய் என்றுதான் சொல்வார்கள்.

அன்று காலை அங்கே முனியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் நிற்காமல் வந்தது. எந்த வீட்டுப் புண்ணியவானோ உடைந்த டியூப்லைட்டைப் பால் கவருக்குள் சுருட்டி வைத்திருந்தான்.

மேற்பார்வையாளர் அவளைப் பார்த்ததைவிட வண்டியைத்தான் அதிகம் பார்த்தார்.

"யுவராணி, புது நகருக்கு இன்னிக்கு நீ போ."

புது நகர் யுவராணி குடியிருக்கும் தெரு. நேற்றுவரை மரவள்ளிக்கிழங்குக் காடாக இருந்த இடம், இன்று வீட்டு மனை. பெரியம்மாள் போன மாதம்தான் அங்கே வாடகைக்கு மாறினாள். பழைய தெருவில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், புதுத் தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதான் காரணம்.

"சார், அந்தத் தெரு மட்டும் வேணாங்க சார். சந்தப்பேட்டைக்குப் போறனே."

"ஏன், கலெக்டரம்மாவுக்குத் தெரு பாத்துத்தான் குப்பை எடுக்க வருமோ? இஷ்டம் இல்லன்னா வூட்டுக்குப் போ. வேலைக்கு ஆளா இல்ல?"

அவள் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு தொப்பியை மாட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம்தானே வருகிறார்கள், அதற்குள் முடித்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

* * *

கூடத்தில் நஞ்சப்பன் சோபாவை நிறைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முருகேஷ் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக இருந்தான். காவியா காபி கொடுத்தாள். எல்லாருக்கும் பிடித்துப்போய்விட்டது.

"இன்னிக்கு இருக்கற சனத்துக்கு எது வாங்குனாலும் கவருக்குள்ள கவரு. எல்லாம் நம்ம மில்லுக்குத்தான வந்தாவணும்?" என்று சிரித்தார் நஞ்சப்பன். "எங்க ஆத்தா தலையில கூடைய வச்சுக்கிட்டு, பிஞ்ச செருப்பும் ஓட்டக் கொடமும் வாங்கி வித்தவங்க. அதுல ஆரம்பிச்சதுதாங்க இதெல்லாம்."

அவர் மனைவி சின்னக்கா ஒரு பார்வை பார்த்தாள். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல எதுக்குங்க அந்தக் குப்பைக் கதை?"

நஞ்சப்பன் வாயை மூடிக்கொண்டார். பெரியம்மாளுக்கு அந்தப் பார்வை தெம்பாக இருந்தது. தான் சொன்ன பொய் சரியான பொய்தான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அப்போது தெருவில் பேட்டரி வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டது. பெரியம்மாள் எழுந்து ஓடினாள். அவளுக்கு அந்தப் பை போய்த் தொலைய வேண்டும்.

வாசலில் காரைப் பார்த்து நின்றுவிட்ட யுவராணியும், பையைத் தூக்கிக்கொண்டு வந்த பெரியம்மாளும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்க்கும் தொப்பியும் ஊரை ஏமாற்றும், பெற்றவளை ஏமாற்றுமா? பெரியம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ... எதுக்கு..." என்று ஆரம்பித்தாள். பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. வெற்றிலை எச்சிலைத் துப்ப வாசலுக்கு வந்தாள் சின்னக்கா.

பெரியம்மாள் சட்டென்று குரலை மாற்றினாள். "ம், புடிம்மா. சீக்கிரம் எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

யுவராணி பையை வாங்கினாள். வாங்கினால் அவிழ்த்துப் பார்க்க வேண்டும், அது அவர்கள் வேலை முறை. முனியம்மாளின் கையைப் பார்த்துவிட்டு வந்தவள் அன்று பார்க்காமல் இருப்பாளா? முடிச்சை அவிழ்த்தாள்.

மேலே நீல மூடி. யுவா.

அதற்குக் கீழே சீப்பு, அதில் அவள் தலைமுடி இரண்டு. சோப்பு டப்பா. நேற்று ராத்திரி கழற்றி வைத்த கிளிப்பு. வீட்டைப் பளிச்சென்று வைக்க ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைக்கப் பார்த்தாள். ஒதுக்குகிற பொருளைக் குப்பை வண்டிக்கு யாரும் கொடுப்பதில்லை.

"அண்ணி, நீங்க உள்ள போயி அவருக்கு இன்னொரு காபி போடுங்க. நான் துப்பிட்டு வர்றன்" என்றாள் சின்னக்கா. பெரியம்மாளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

சின்னக்கா வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா, இந்தத் தெருவுக்கு நீதான் வர்றியா?"

"ஆமாங்க."

"ஒரு வூட்டு விசயம் குப்பை வாங்கறவளுக்குத் தெரியாம இருக்காது. உள்ளதச் சொல்லு. இந்த வூட்டு மூத்த பொண்ணு எப்படிச் செத்தா?"

யுவராணிக்கு விளங்கவில்லை. "யாருங்க?"

"அதான், மாலை போட்டு வச்சிருக்காங்களே."

திறந்திருந்த கதவு வழியாக யுவராணி பார்த்தாள். கல்யாணத்தன்று கட்டிய கூரைப்புடவையில், பிளாஸ்டிக் சம்பங்கிக்கு நடுவே அவளே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"காமாலைங்கறாங்க. எனக்கென்னமோ நம்பிக்கை இல்ல" என்றாள் சின்னக்கா. "தூக்கு கீக்கு மாட்டிக்கிச்சா? இல்ல, எவங்கூடயாச்சும் ஓடிப்போயி, அத மறைக்கறாங்களா? அப்படி ஏதாச்சும் இருந்தா இந்தச் சம்பந்தமே வேணாம். நீ சொன்னன்னு வெளிய சொல்ல மாட்டன்."

மாஸ்க்கை ஒரு விரல் கீழே இழுத்தால் போதும். கார் திரும்பிப் போய்விடும், பெரியம்மாள் தெருவில் நின்று மார்பில் அடித்துக்கொள்வாள். அந்த விரல் மாஸ்க் வரைக்கும் போகவும் செய்தது.

கதவருகில் காவியா வந்து நின்றாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அவள் அக்காவைப் பார்த்தாள். கெஞ்சுவாள் என்று யுவராணி எதிர்பார்த்தாள். கெஞ்சியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"ஏங்க, வாங்கியாச்சில்ல? கெளம்புங்க. வாசல்ல நாத்தம் அடிக்குது" என்றாள் காவியா. பிறகு சின்னக்காவிடம் குழைந்தாள். "அத்த, வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க."

அந்த 'ஏங்க'வும் 'கெளம்புங்க'வும் யுவராணியின் முகத்தில் அறைந்தன. கூடப் பிறந்தவள் வேற்று ஆளிடம் காட்டும் மரியாதையை அவளிடம் காட்டினாள்.

விரல் கீழே இறங்கியது.

"காமாலைதாங்க" என்றாள் யுவராணி. "கண்ணெல்லாம் மஞ்சளாப் போயிருச்சு. பூவும் பொட்டுமாத்தான் எடுத்தாங்க."

"நல்ல பொண்ணுதானா?"

"யாருக்கும் தொந்தரவு இல்லாத பொண்ணுங்க."

சின்னக்கா பெருமூச்சு விட்டாள். அவளுக்கு முகமே மலர்ந்துவிட்டது. வாசலில் நின்றபடியே உள்ளே குரல் கொடுத்தாள்.

"அண்ணி, இங்க வாங்க! பூவும் பொட்டுமா போனவ வூட்டுக்குத் தெய்வம். தாலி எடுக்கறதுக்கு முந்தி மூத்தவளுக்குப் பூவாடை வச்சுக் கும்பிட்டுரணும். எங்க வழக்கம், அது இல்லாம நாங்க நல்ல காரியம் பண்றதில்ல. புடவை நாங்க எடுத்தாறோம். அவளுக்கு என்ன கலரு புடிக்கும்?"

பெரியம்மாள் ஈரக்கையோடு வந்து நின்றாள். "பச்... பச்சைங்க."

"திங்கறதுல?"

"எல்லாந்தான் தின்னுவா."

"என்னங்கண்ணி, பெத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?" சின்னக்காவின் கண் சுருங்கியது.

காவியா முன்னால் வந்தாள். "ஊதாங்க அத்த. அக்காவுக்கு ஊதாக் கலருன்னா உசுரு. ஒப்பட்டு புடிக்கும், பூரணத்துல வெல்லம் கம்மியா." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாவறப்பக்கூட ஒப்பட்டுதான் கேட்டாங்க. நாந்தான் ஊட்டி விட்டன்."

சின்னக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். யுவராணி பையைத் தூக்கி வண்டிக்குள் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

* * *

மதியம் கொட்டகையில் அந்தப் பையைக் கொட்டிப் பிரித்ததும் அவள்தான். மெல்லிசு கவர் ஒரு பக்கம், பாட்டில் ஒரு பக்கம், கெட்டிப் பிளாஸ்டிக் ஒரு பக்கம். சீப்பு கெட்டி. சோப்பு டப்பா கெட்டி. டிபன் டப்பாவை மட்டும் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"உன்னோடதுதான அது? ஏன் இதுல கெடக்குது?" என்றாள் கட்டுப்போட்ட கையோடு முனியம்மாள்.

"அந்தப் பேருக்காரி செத்துட்டாளாம்க்கா."

முனியம்மாள் கேலி என்று நினைத்துச் சிரித்தாள். யுவராணி டப்பாவைக் கெட்டிக் குவியலில் எறிந்தாள். அந்தக் குவியல் வாராவாரம் நல்லம்பள்ளிக்குப் போகிறது. முருகேஷின் மில்லில் உருகிக் குருணையாகும். காவியாவின் கல்யாணச் செலவில் அதுவும் ஒரு பங்கு.

* * *

பொழுது சாயும் நேரத்தில் யுவராணி வீட்டுக்கு வந்தாள். படம் சுவரிலேயே இருந்தது. வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு கட்டைப்பையில் அவள் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"அதக் கழட்டும்மா."

"கழட்ட முடியாது. நாளன்னிக்குக் காவியாவுக்குப் பூ வைக்க வர்றாங்க" என்றாள் பெரியம்மாள். "நீ திருப்பூருக்குப் போயிரு. பனியன் கம்பெனியில சொல்லி வச்சிருக்கறன், தங்கறதுக்கும் எடம் தர்றாங்க. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

"கல்யாணம் முடிஞ்சா எனக்கு உசுரு வந்துருமா? அப்புறம் அவ கொழந்தைக்குப் பேரு வைக்கறப்ப நான் வரலாமா? நீ செத்தா வரலாமா?"

பெரியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. தப்பு செய்தவர்களுக்குத்தான் அது சீக்கிரம் வரும்.

"உசுரோட இருந்து என்னடி சாதிச்ச? புருஷனை வச்சுக்கத் தெரியல. நம்ம சனத்துல எவ குப்பை அள்றா? உன் துணிய என் துணியோட ஊறப் போடவே எனக்குக் கூசுது. உன்னால இவளும் வாழாம நிக்கணுமா? செத்தவளாவாச்சும் தங்கச்சிக்கு ஒரு நல்லது பண்ணு."

அந்தக் குப்பையில்தான் இவள் சோறு தின்றாள், இவள் மகள் படித்தாள் என்று யாராவது அங்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய காவியா வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சாவறப்ப நான் ஒப்பட்டு கேட்டனாடி?" என்றாள் யுவராணி.

காவியா தரையைப் பார்த்தாள். "வாயில வந்துருச்சுக்கா."

"நல்லா வந்துச்சு. அம்மாவுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்குது. கிளிப்பையும் நீதான போட்ட? அது அலமாரிக்குள்ள இருந்தது, அம்மாவுக்குத் தெரியாது."

காவியா அழ ஆரம்பித்தாள். இந்த முறை கண்ணீர் நிஜமாகவே வந்தது. யுவராணி அதைத் துடைக்கவில்லை.

குனிந்து கட்டைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். போகப் போகிறாள் என்று தெரிந்ததும் பெரியம்மாளின் குரல் இறங்கியது. "சாப்ட்டுட்டுப் போ. பஸ்சு இருக்குது."

"பூவாடைன்னா எப்படிம்மா கும்புடுவாங்க? நான் பாத்ததே இல்ல."

கேள்வி சாதுவாகத்தான் வந்தது. பெரியம்மாள் ஏமாந்து பதில் சொன்னாள். "செம்புல தண்ணி வச்சு, பூப் போட்டு, புதுப்புடவைய அதுக்கு முன்னாடி வைப்பாங்க. ரெண்டு வூட்டுச் சனமும் கூடி நிக்கும். பேரைச் சொல்லி மூணு வாட்டி கூப்புடணும். அவ வந்து ஏத்துக்கிட்டாத்தான் கல்யாணம்."

"யாரு கூப்புடணும்?"

"பெத்தவதான்."

"அப்ப கூப்புடு."

"என்னடி சொல்ற?"

"நான் திருப்பூருக்குப் போகல. முனியம்மாக்கா வூட்டுலதான் இருப்பன். நீ பூவாடையன்னிக்கு மூணு வாட்டி கூப்புடு, நான் வர்றன். மில்லுக்காரங்க கொண்டாற ஊதாப் புடவைய எல்லாரு முன்னாடியும் வாங்கிக்கறன்."

யுவராணி படியிறங்கினாள். "அக்கா போறா, கூப்புடும்மா, கூப்புடு" என்று காவியா தாயின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பெரியம்மாள் வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் வருவேன் என்ற மகளின் பெயரைச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. சொல்லவில்லை.